அப்டேட் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. மின்சார ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கிய பிறகு படித்தால் போதும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் என் கணினி மக்கர் செய்வதைப் பற்றி எழுதியிருந்தேன். அரை மணி நேரத்தில் 14 பேர் பதில் போட்டீர்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டீர்கள். இப்போது 14 கை. சந்தோஷம்தான். ஆனால் 14 பதிலையும் பிழிந்து பார்த்தால் மூன்றே மூன்று விஷயம்தான் தேறியது. "அப்டேட் போட்டிருப்பீங்க டீச்சர், அதான்." "இனிமே அப்டேட்டை ஆஃப் பண்ணி வைங்க." "பேசாம ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுடலாம், ஞாயித்துக்கிழமை பென்டிரைவோட வர்றேன்."

மூன்றும் தப்பு. அன்றைக்கே சொல்லியிருப்பேன். கணினியைச் சரிசெய்யாமல் வாய் பேசக் கூடாது என்று பொறுத்திருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. அதனால் பேசுகிறேன்.

முதலில் அந்தக் கணினியின் ஜாதகம். என் தங்கை மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோ போயிற்று, ஃப்ரிட்ஜ் போயிற்று, என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஊறிப்போய் வெயிலில் காயவைத்து எடுத்தேன். பரண்மேல் இருந்த இது மட்டும் தப்பித்தது. தங்கை மகன் வேலைக்குப் போன பிறகு, "பெரியம்மா, நீங்களே வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டான். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டு, உபுண்டு 22.04 ஏற்றினேன். ஏற்றியது நானே. ஓய்வு பெற்ற பிறகு கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது கற்றுக்கொண்டது. 2012 முதல் கணியம் இணைய இதழில் தமிழிலேயே லினக்ஸும் பைதானும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இங்கிலீஷ் தடுக்கும் இடத்தில் அதுதான் கைப்பிடி.

சாயங்காலம் என்னிடம் வரும் பிள்ளைகளில் இரண்டு பேர் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ். அவர்கள் பாடப் புத்தகத்தில் பாதிக்கு மேல் பைதான். வீட்டில் கணினி கிடையாது, ஒரே ஒரு ஃபோன், அதுவும் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டப் போகும்போது அவரோடு போய்விடும். எழுதிய நிரலை வீட்டுப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு மடிக்கணினிதான். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று நீங்கள் சாவகாசமாக எழுதியது இதைப் பற்றித்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி மகள் பிசிஏ கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது கோப்புகளோடு வந்தாள். அவளும் ஒரு தோழியும் சேர்ந்து எழுதியது. தோழியின் கணினியில் ஓடுகிறது, என்னுடையதில் ஓடவில்லை. "அத்தை, உங்க பைதான் 3.10. அவளோடது 3.12. அதான்" என்றாள். நம் குழுவில் இருக்கும் ஒருவன், சிறுசேரியில் நல்ல வேலையில் இருப்பவன், அன்று சனிக்கிழமை என்பதால் என்னைப் பார்க்க வந்திருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். படித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் காது சூடாகியிருக்கும். "இவ்வளவுதானே டீச்சர்" என்று உட்கார்ந்தான். டெட்ஸ்நேக்ஸ் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்தான். (செத்த பாம்புகள் என்று அர்த்தம். பைதான் என்ற பெயரோ பாம்பிலிருந்து வந்ததே இல்லை. மான்ட்டி பைதான் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரை அந்த மொழியை உருவாக்கிய கிடோ வான் ரோசம் வைத்தார்.) அங்கிருந்து 3.12-ஐ இறக்கினான். இதுவரை ஒரு தப்பும் இல்லை. ஒரே கணினியில் 3.10-ம் 3.12-ம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கலாம், சண்டை வராது.

அதோடு எழுந்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது. "இனிமே பைதான்3னு அடிச்சாலே புதுசு வர்ற மாதிரி பண்ணிடறேன்" என்று சொல்லி இன்னும் இரண்டு வரி அடித்தான். பைதான்3 என்ற பெயர் 3.10-ஐச் சுட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி 3.12-ஐச் சுட்டவைத்தான். தம்பி மகளின் ப்ராஜெக்ட் ஓடிற்று. காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை டெர்மினலைத் திறக்க கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் அழுத்துகிறேன். ஒன்றும் வரவில்லை. சாஃப்ட்வேர் அப்டேட்டரைச் சொடுக்கினேன். சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றி நின்றுவிட்டது. தப்பு என்றுகூடச் சொல்லாமல் மௌனமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் அப்டேட் போட்டிருந்தேன். அதைத்தான் குழுவில் எழுதினேன். நீங்கள் 14 பேரும் உடனே அப்டேட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். சாயங்காலம் வந்து போனவனும் அந்த 14-ல் ஒருவன் என்பதுதான் வேடிக்கை.

என்ன நடந்தது என்று அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கீழே சம்ப்பில் பொது மோட்டார் ஒன்று ஓடுகிறது. எட்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர் ஏற்றுகிறது. மூன்றாவது மாடிக்காரருக்கு வேகம் போதவில்லை. ஆள் கூட்டிவந்து பொது மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறார். ஸ்டார்ட்டர் பழைய மோட்டாருக்கு உரியது, குழாய் இணைப்பும் பழைய அளவு. மறுநாள் காலை எட்டு வீட்டிலும் தண்ணீர் இல்லை. உடனே எல்லோரும் சேர்ந்து, நேற்று மெட்டருக்கு ரீடிங் எடுக்க வந்த ஆளைத் திட்டுகிறார்கள்.

உபுண்டுவில் பைதான் என்பது நமக்காக வைத்த பாடப்பொருள் மட்டும் கிடையாது. அந்த இயங்குதளமே தன் வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறது. சாஃப்ட்வேர் அப்டேட்டர் பைதானில் எழுதியது. 22.04-ல் டெர்மினல் சாளரத்தைத் திறந்துவிடும் சின்ன நிரல்கூட பைதான்தான். இவை எல்லாம் பைதான்3 என்ற பெயரைத்தான் கூப்பிடும். கூப்பிட்டால் வருவது 3.10 என்று நம்பித்தான் அந்தப் பதிப்பையே கோத்திருக்கிறார்கள். வேறு ஆள் வந்து நின்றால் வேலை நின்றுவிடும்.

சாளரம் திறக்காவிட்டாலும் வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரை வரும், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. தம்பி மகள் ஃபோனில் வெளிச்சம் காட்ட, அங்கே உட்கார்ந்து ஆப்ட் அப்டேட் கொடுத்தேன். ஆப்ட் சி++-ல் எழுதியது என்பதால் அது பாட்டுக்கு ஓடிற்று. கடைசியில் மட்டும் ஒரு புகார்: ‘ஆப்ட்_பிகேஜி’ என்ற பெயரில் கூறு எதுவும் இல்லை.

இல்லையா? போய்ப் பார்த்தேன். பைதான் கூறுகள் இருக்கும் அடைவில் அந்தக் கோப்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் முழுப் பெயரைப் படித்தேன். ஆப்ட்_பிகேஜி, ஒரு புள்ளி, சிபைதான், ஒரு கோடு, 310. நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், இது 3.10-க்காகக் கட்டியது என்று. 3.12-க்கு அது கண்ணில் படாது. அடுத்து, பைதான்3 எதைச் சுட்டுகிறது என்று பட்டியலிட்டுக் கேட்டேன். அம்புக்குறி போட்டுக் காட்டியது: 3.12. அவ்வளவுதான் வியாதி. அம்புக்குறியை 3.10 பக்கம் திருப்பினேன். ஒரு வரி. திரும்பிவந்து கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்தினேன், டெர்மினல் திறந்தது. தம்பி மகள் கைதட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

இனி ப்ராஜெக்ட்டுக்கு என்ன செய்தோம்? அவளுக்கென்று ஒரு தனி அடைவு போட்டு, அதற்குள் 3.12-ஐ வைத்து ஒரு வென்வ் உருவாக்கினோம். மெய்நிகர் சூழல் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் பைதான் என்றால் 3.12, வெளியே வந்தால் பழைய 3.10. பொது மோட்டாரைத் தொடாமல் தன் வீட்டுக்குள் மட்டும் ஒரு பிரஷர் பம்ப் வைத்துக்கொள்வது மாதிரி. இது ஏதோ நேற்று வந்த வித்தையும் இல்லை. 2012-ல் வந்த பைதான் 3.3-லிருந்தே மொழியோடு சேர்ந்து வருகிறது. சிறுசேரிக்காரனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆபீஸில் தினமும் செய்கிறான். டீச்சர் வீட்டுக் கணினிதானே, இது போதும் என்று நினைத்திருக்கிறான். அதுதான் எனக்கு வலித்தது.

இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மாட்டேன். அந்த நிரல் 3.10-ல் ஏன் ஓடவில்லை என்று யாராவது பார்த்தீர்களா? பிழைச்செய்தி வரி எண்ணோடு சொல்லியிருந்தது. அங்கே ஓர் எஃப்-ஸ்ட்ரிங். வெளியே இரட்டை மேற்கோள், உள்ளேயும் இரட்டை மேற்கோள். 3.12-லிருந்துதான் அப்படி எழுத அனுமதி. அதற்கு முன் உள்ளே இருப்பதை ஒற்றை மேற்கோளாகப் போட வேண்டும். மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் உள்ளே ஒற்றைக்குறி! இதை எத்தனை பேருக்கு ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்! நாலு இடத்தில் குறியை மாற்றினாள், 3.10-லேயே ஓடிவிட்டது. நாலு மேற்கோள் குறிக்காக வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டியிருக்கிறோம்.

இப்போது உங்கள் அறிவுரைக்கு வருகிறேன். "அப்டேட்டை ஆஃப் பண்ணி வைங்க."

2017 மே மாதம் வான்னக்ரை என்று ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பிரிட்டனில் ஆஸ்பத்திரிக் கணினிகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். "ஆஃப் பண்ணி வைங்க" என்று அவர்களுக்கும் யாரோ ஒரு நல்ல பிள்ளை சொல்லியிருக்கும்.

உடனே நீங்கள் 2024 ஜூலையைச் சொல்வீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் ஒரே நாளில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்டேட்டாலும் கெடும். அதனால்தான் சனிக்கிழமை அப்டேட்டுக்கு முன்னால் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்கிறேன். எடுத்து வைக்கச் சொல்லி 14 பேரில் ஒருவர்கூட எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அதோடு அப்டேட் வேறு, பதிப்பு ஏற்றுவது வேறு. இதையே பலர் குழப்பிக்கொள்கிறீர்கள். உபுண்டு 22.04-ல் நீங்கள் எத்தனை சனிக்கிழமை அப்டேட் போட்டாலும் பைதான் 3.10 தான் இருக்கும், 3.11 ஆகாது. பாதுகாப்பு ஓட்டை எதுவும் தெரிந்தால், புதுப் பதிப்பில் செய்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய 3.10-ல் தைத்து அனுப்புகிறார்கள். 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை இந்தத் தையல் வேலை உண்டு. எண் பழசாகத் தெரிகிறது என்பதால் சட்டை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சில சமயம் இன்னின்ன பொதிகள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி வரும். அதையும் கோளாறு என்று நினைத்து எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறீர்கள். பெரும்பாலும் அது, கொஞ்சம் பொறு, எல்லோருக்கும் படிப்படியாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்ற தகவல்தான். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், தானாக வந்துவிடும்.

"பதிப்பை எதுக்கு டீச்சர் மாத்திக்கிட்டே இருக்கானுங்க? ஓடுறதை ஓட விட வேண்டியதுதானே?" என்று ஒருவன் கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. இதற்குத் தமிழாசிரியையாக பதில் சொல்கிறேன்.

பைதான் 2 காலத்தில் ‘தமிழ்’ என்ற சொல்லைச் சாதாரணமாகக் கொடுத்து அதன் நீளம் என்ன என்று கேட்டால், யூடிஎஃப்-8 கணினியில் 15 என்று பதில் வரும். அதற்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. 2008 டிசம்பரில் பைதான் 3 வந்தது. அதில் எல்லாச் சரங்களும் யூனிகோடு. அதே கேள்விக்கு 5 என்றது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு வேண்டியது 3. அதற்கு ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தைத் தமிழர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டியூஷன் பிள்ளைகள் அதை வைத்துத்தான் எழுத்தெண்ணிப் பழகுகிறார்கள். ஆனால் 15-லிருந்து 5-க்கு வந்ததே பெரிய காரியம். அதற்காகப் பழைய நிரல்கள் உடைந்தன, உலகம் முழுக்கப் பதினோரு வருஷம் முணுமுணுத்தார்கள், 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைதான் 2-க்கு ஆதரவை முடித்தார்கள். ஓடுவதை ஓட விட்டிருந்தால் இங்கிலீஷ்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நமக்குத்தான்.

தம்பி மகள் ப்ராஜெக்ட்டைக் கொடுத்து முடித்த மறுநாள், எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, 24.04-க்கு முறைப்படி ஏற்றினேன். வெளிக் களஞ்சியங்களை ஏற்றும் நிரலே முடக்கிவிட்டது, அது நல்லது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்தால் இயங்குதளத்தின் பைதானே இப்போது 3.12. நாலு நாள் பொறுத்திருந்தால் யாரும் எதையும் திருப்ப வேண்டியிருந்திருக்காது.

ஏற்றிய பிறகு ஒன்றும் உடையவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். டியூஷன் பிள்ளைகளுக்காக 3.10-ல் போட்டிருந்த பழைய வென்வ் நின்றுவிட்டது. அது 3.10-ஐத் தேடுகிறது, 3.10 வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. அதற்குள் எந்தெந்த நிரலகம் இருந்தது என்று முன்பே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தேன். பழைய அடைவை அழித்துவிட்டு, புது வென்வ் போட்டு, பட்டியலைக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம். வென்வ்வைப் பத்திரப்படுத்தக் கூடாது, பட்டியலைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். இட்லி மாவை யாராவது வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வார்களா? அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்பதைத்தானே எழுதி வைக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து டியூஷன் பையன் ஒருவன் வென்வ்வுக்குள் நுழையாமலே பிப் இன்ஸ்டால் கொடுத்தான். சிவப்பில் ஒரு பிழை வந்தது. இந்தச் சூழலை வெளியிலிருந்து நிர்வகிக்கிறார்கள், இங்கே கை வைக்காதே, வேண்டுமானால் தனிச் சூழல் போட்டுக்கொள் என்று விளக்கமாகச் சொல்கிறது. 2023-ல் டெபியன் 12-லும் உபுண்டுவிலும் வந்த ஏற்பாடு இது. நம் சிறுசேரிக்காரன் செய்த மாதிரிக் காரியத்தை உலகம் முழுக்க எல்லோரும் செய்து கெடுத்துக்கொண்டதால் வாசலில் போட்ட தாழ்ப்பாள். பையன் என்ன செய்தான்? ஃபோனை எடுத்து, அந்தப் பிழையைத் தட்டச்சு செய்து, முதலில் கண்ணில் பட்ட பதிலை அப்படியே அடிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, "என்ன அடிக்கப் போறே, சத்தமா படி" என்றேன். படித்தான். "பிரேக்... சிஸ்டம்... பேக்கேஜஸ்." "அர்த்தம் சொல்லு." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "உடைன்னு சொல்றோமா டீச்சர்?" ஆமாம் கண்ணு, கணினியின் பொதிகளை உடை என்று நாமே எழுதிக் கேட்கிறோம். பெயரை அப்படி வைத்தவர்கள், படித்த உடனே கை நின்றுவிடும் என்று நம்பியிருப்பார்கள் போல. பாவம், நம்மை அவர்களுக்குத் தெரியாது.

பதினாறு வயதுப் பையன் அப்படிச் செய்தால் மன்னிக்கலாம், சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பதிலை இணையத்தில் எழுதி வைத்தவர்கள் யார்? நீங்கள்தான். பத்து வருஷம், பதினைந்து வருஷம் அனுபவம் உள்ளவர்கள். ஆபீஸில் யாராவது இப்படிச் செய்தால் கத்துவீர்கள். வெளியில் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் "இதை அடி, போய்டும்" என்று ஒரு வரி. சூடோ போட்டு எதை அடிக்கச் சொன்னாலும், அது என்ன செய்யும், எப்படித் திருப்புவது என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுத முடியாத அளவுக்கா உங்களுக்கு நேரமில்லை?

மூன்றாவது அறிவுரை, ஃபார்மட். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தைத் தாண்டித்தான் உங்களில் பாதிப் பேர் தினமும் போகிறீர்கள். அந்த வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் வழியாக வந்ததுதான் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ். 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு சேர்ந்து அந்த பாஸ் லினக்ஸும் உள்ளே வந்தது. நம் பக்கத்து ஊரில் உருவாக்கியது, தமிழ் தெரிந்தது, காசு கேட்காதது. எங்கள் தெருவில் அந்த மடிக்கணினி வாங்கிய வீடுகளில் என்ன நடந்தது? ஒரு மாதத்துக்குள் யாரோ ஒரு அண்ணன் வந்தார், "இது வேஸ்ட்" என்றார், மொத்தத்தையும் துடைத்துவிட்டு உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுவிட்டுப் போனார். பாஸில் குறை இருந்திருக்கலாம், வாதாடவில்லை. திறந்து பார்த்து, இன்ன குறை என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் கொடுக்கிறது. அங்கே மட்டும் பைதான் பதிப்பு மாறாமலா இருக்கிறது?

என் மடிக்கணினியில் நீங்கள் எந்த விண்டோஸைப் போடுவீர்கள், சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது, குறிப்பிட்ட புது ப்ராசஸர் கேட்கிறது. இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு இரண்டும் இல்லை. அப்படியானால் பாதுகாப்பு அப்டேட்டே வராத ஒன்றைப் போட்டு, இரண்டு பிளஸ் டூ பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். 24.04-ல் இதே பெட்டிக்கு 2029 வரை அப்டேட் வரும். அம்புக்குறி ஒன்று திரும்பிப்போனதற்கு இதையா கைவிடுவது?

சிறுசேரிக்காரன் முந்தாநாள் ஃபோன் செய்தான். "நான் பண்ணினதுதான் டீச்சர், சாரி" என்றான். நான் திட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை செய்ததை வரிவரியாகத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னேன், எங்கே தப்பு, எப்படித் திருப்புவது என்பதோடு. இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். ஒற்றுப்பிழை ஒன்பது. மற்றபடி நன்றாக இருக்கிறது, டியூஷன் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வீட்டில் இருப்பேன். பென்டிரைவோடு வருகிறேன் என்றவர்கள் வாருங்கள், அதில் உபுண்டு 24.04 இருக்கட்டும். விண்டோஸ் 11 ஏறாது என்று பரணில் தூக்கிப் போட்ட பழைய லேப்டாப் உங்கள் வீடுகளில் இருக்கும், எனக்குத் தெரியும். இங்கே இரண்டு பிள்ளைகளும் ஒரு பெட்டிக்கு முறைபோட்டு உட்காருகிறார்கள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரோடு கொண்டு வாருங்கள்.